மூன்றா எட்டா

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அவள் பெயருக்குத் தபால் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் நிறைய வந்தது. வங்கி, மூக்குக்கண்ணாடிக் கடை, நூலகம் என்று ஒவ்வொருவராக விஷயம் தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது கார் கம்பெனி மட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீளமான வெள்ளை உறை ஒன்று வரும். மேலே அவள் முழுப்பெயர் இனிஷியலோடு பிழையில்லாமல் அச்சாகியிருக்கும். எக்ஸ்ரே சார் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், அவள் உட்காரும் பக்கத்தில் வைப்பார். பிரிக்க மாட்டார். கார் கம்பெனிக்காரன் என்ன எழுதிவிடப் போகிறான், புது வண்டி வாங்கச் சொல்வான். அவள் பெயர் அங்கே கிடந்தால் போதும் என்று விட்டுவிட்டார். அப்படி இரண்டு உறைகள் சேர்ந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் எக்ஸ்ரே சார் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சில நர்ஸுகள் 'மூச்சைப்பிடி' என்று சொல்வதும் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தைகள் அவைதான். மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க. வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிக் குளிர்ந்த பலகையில் நெஞ்சைச் சாய்த்து நிற்பார்கள், சொன்னபடி மூச்சுப் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரோடு பேசுகிறவர்தான். ஆனால் யாரோடும் பேசியதாகக் கணக்கில் வராது. மனைவியின் நெஞ்சையும் அதே பலகையில் அவரேதான் படம் எடுத்தார். டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று கேட்டவளிடம், டாக்டர் சொல்லுவார் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள்.

ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பான். இவரும் ஆச்சு, ஆச்சு என்பார்.

மூன்றாவது உறை வந்தபோது அதன் ஓரத்தில் சிவப்புப் பட்டை இருந்தது. 'இறுதி அறிவிப்பு, மிக அவசரம்' என்று போட்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றைப் பிரித்தார். அன்புடையீர் என்று அவளைத்தான் விளித்து எழுதியிருந்தார்கள். தங்கள் காரின் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஏர்பேக்கில் குறை இருக்கிறது. வயதாக வயதாக உள்ளே உள்ள மருந்து கெட்டுப்போகிறது. வண்டி இடித்தால் பை விரிவதற்குப் பதிலாக அதன் இரும்புக் கூடு வெடித்து, சில்லுகள் ஓட்டுகிறவர் மேல் பாயக்கூடும். சிலர் இறந்திருக்கிறார்கள். இலவசமாக மாற்றித் தருகிறோம், உடனே வரவும். கீழே தடித்த எழுத்தில் சேஸிஸ் நம்பர், எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு.

கார் அவளுடையது. நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, யாரோ ஓட்டிய பழைய வண்டியை வாங்கித் தன் பெயரில் பதிந்துகொண்டாள். அவள் போன பிறகு அதில்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பெயர் மாற்றவில்லை. தினமும் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வெடியை வைத்துக்கொண்டு போயிருக்கிறோமே என்று நினைத்துப் பார்த்தார். ஆச்சரியமாக, பெரிதாகப் பயம் வரவில்லை. அப்படிப் பயம் வராததுதான் அவரைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

சனிக்கிழமை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனார். டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, டார்ச்சை அடித்து முன்கண்ணாடியின் கீழ்மூலையில் இருந்த சின்னத் தகட்டைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். டிரைவர் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் சட்டத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு முன்சீட்டைப் பின்னால் தள்ளி, கார்ப்பெட்டின் ஒரு மடிப்பைத் தூக்கி, இரும்பிலேயே குத்தியிருந்த நம்பரைத் துணியால் துடைத்துப் பார்த்தார். மூன்று இடத்திலும் ஒன்றுதான் இருந்தது. கடிதத்தில் இருந்தது வேறு. பதினேழில் பதினாறு பொருந்தின. பதினாலாவது இலக்கம் காரில் மூன்று, கடிதத்தில் எட்டு.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்று அட்வைசர் விளக்கினார். இந்த நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்ப்பதே இல்லையாம். ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடும் என்று ஆதியிலேயே விலக்கிவைத்துவிட்டார்களாம். மூன்றையும் எட்டையும் அப்படி விலக்க முடியுமா? பதிவு அலுவலகத்தில் யாரோ மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். இந்த வண்டி குறையுள்ள பட்டியலிலேயே இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்றார்.

"அப்ப அந்த எட்டு யாரோட வண்டி?" என்று எக்ஸ்ரே சார் கேட்டார்.

"அது எங்களுக்குத் தெரியாது சார். பதிவுல அந்த நம்பருக்கு உங்க வீட்டம்மா பேர்தான் இருக்கு. நாங்க எத்தனை தடவை அனுப்பினாலும் லெட்டர் உங்க வீட்டுக்குத்தான் வரும்."

நிம்மதியாகத்தான் கிளம்பினார். இரண்டாவது சிக்னலில் அதே மாதிரிக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ஒருவர் ஸ்டியரிங்மேல் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பச்சை விழுந்து அந்த ஆள் போன பிறகும் இவர் அங்கேயே நின்று, பின்னால் இருந்தவர்களிடம் ஹாரன் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதிலிருந்து அந்த மாடல் காரை எங்கே பார்த்தாலும் கால் நின்றுவிடும். முன்கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கையால் வெளிச்சத்தை மறைத்து நம்பர் படிப்பார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள் வாட்ச்மேன் பிடித்துவிட்டார். என்ன சார், இந்த வயசில் அடுத்தவன் வண்டிமேல் கண்ணா என்று சிரித்தார். கம்பெனியின் இலவச எண்ணுக்கும் போன் செய்து பார்த்தார். பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர், அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றது ஒரு குரல்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். திருத்தம் எல்லாம் ஏழாம் கவுண்டர் என்றார்கள். அங்கே இருந்த அம்மா கடிதத்தையும் பதிவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருத்தலாம், ஆனால் உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"அவங்க இல்ல," என்றார் எக்ஸ்ரே சார்.

வெளியூரா, எப்போது வருவார் என்று கவுண்டர் அம்மா கேட்டார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இறந்துட்டாங்க. மூணு வருஷம் ஆச்சு."

கவுண்டர் அம்மா இப்போது நிமிர்ந்தார். மூன்று வருஷமாகப் பெயர் மாற்றாமலா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லி உள்ளே சீட்டு அனுப்பினார். ஒரு மணி நேரம் ஆகும், உட்காருங்கள் என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. வந்த ஃபைலில் தூசி தட்டி, மஞ்சளாகிப்போன விண்ணப்பம் ஒன்றைக் கவுண்டர் அம்மா உருவினார். அதைக் கண்ணாடித் தடுப்பின் கீழே நகர்த்தி, "இது யார் எழுதினது?" என்றார்.

அவள் எழுத்து. ஊதா மை. வலது பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்து. சேஸிஸ் நம்பருக்கான பதினேழு கட்டங்களில் ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பாள். அவளுடைய மூன்று எப்போதுமே அப்படித்தான். மேல் வளைவும் கீழ் வளைவும் திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடும். ஒரு தடவை சாமான் சீட்டில் ரொட்டி மூன்று என்று எழுதிக் கொடுத்தாள். இவர் எட்டு பாக்கெட் வாங்கிவந்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் மூன்று வேளையும் ரொட்டிதான். கண்ணாடி போட்டுப் பாருங்க என்று அவள் சொன்னதும், நீ ஒழுங்கா எழுதிப் பழகு என்று இவர் சொன்னதும், மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்ததும் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இருந்தன.

"மூணுதான் எழுதியிருக்கா," என்றார். "பாக்கறவங்களுக்கு எட்டு."

கவுண்டர் அம்மா கொஞ்ச நேரம் வேறு ஏதோ காகிதத்தைப் புரட்டினார். அப்புறம், அசலைக் கொடுக்க முடியாது, வேண்டுமானால் ஒரு நகல் எடுத்துத் தருகிறேன் என்றார்.

திருத்துவதற்கு வண்டி அவர் பெயருக்கு மாற வேண்டும். அதற்கு இரண்டு படிவம், இறப்புச் சான்றிதழ், மகனின் சம்மதக் கடிதம். எல்லாவற்றையும் சேர்க்கப் பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் அலுவலகத்தின் பின்பக்க முற்றத்தில் ஆய்வாளர் ஒருவர் சீட்டுக்கு அடியில் குனிந்து, இரும்பில் குத்தியிருந்த நம்பர்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கறுப்புக்குள்ளிருந்து பதினேழும் வெள்ளையாக எழுந்து வந்தன. எலும்பு தெரிகிற மாதிரி என்று எக்ஸ்ரே சார் நினைத்தார். மூன்று மூன்றாகவே இருந்தது. கவுண்டரில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டார். கணினியில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரை ஏற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இனி அவள் பெயருக்கு எதுவும் வராது என்பது வீட்டுக்கு வந்து மேஜையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு நின்றபடியே சாப்பிட்டார்.

எட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இங்கே அவள் பெயரில் தவறாக ஏறியிருந்த எட்டைத் திருத்தியதும், அந்த நம்பர் எந்தக் கணினியிலும் இல்லாமல் போய்விட்டது. வேறு ஊர் அலுவலகங்களில் பழைய பதிவெல்லாம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது, கேட்டு எழுதியிருக்கிறேன் என்று கவுண்டர் அம்மா சொல்லியிருந்தார். எக்ஸ்ரே சார் வாரம் தவறாமல் போன் செய்தார். பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தது என்று செய்கிறோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஐந்தாவது வாரம் கவுண்டர் அம்மாவே கூப்பிட்டார். வண்டி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஓர் ஊரில் பதிவாகியிருக்கிறது, நோட்டீஸ் அனுப்பினோம், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டது என்றார்.

விலாசம் கேட்டார். கொடுக்க உரிமை இல்லை என்றார் கவுண்டர் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அது ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி சார்," என்றார். "ரோட்டுல போர்டு மாட்டி வச்சிருக்கற பேரைச் சொல்றதுல என்ன தப்பு?" பெயரைச் சொன்னார்.

டிரைவிங் ஸ்கூல். சிக்னலில் கொட்டாவி விட்ட ஆள்தான் இதுநாள்வரை மனசில் இருந்தார். இப்போது அந்த இடத்தில் தினம் ஐந்தாறு பேர், பிரேக் எது கிளட்ச் எது என்று தெரியாதவர்கள், மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே புறப்பட்டார். கடைத்தெருவில் விசாரித்தபோது, ஸ்கூல் இருந்த இடம் இப்போது திரைச்சீலைக் கடையாகிவிட்டது தெரிந்தது. கடைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகச் சொன்னார். அங்கே போனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றார்கள். பாலம் தாண்டி, டயர்க்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட ஒற்றை அறை. சுவரில் சாலைச் சின்னங்களின் படம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் அவருடைய காரேதான் நின்றது, நிறம் மட்டும் சிவப்பு. நாலு மூலையிலும் நசுங்கி நிமிர்ந்த வண்டி.

அதை நடத்துகிற பெண்மணிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தன் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பதால் ஊரில் அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல். எக்ஸ்ரே சார் தயங்கித் தயங்கி உள்ளே வந்ததைப் பார்த்து, கற்றுக்கொள்ள வந்தவர் என்றே முடிவு கட்டிவிட்டார். இந்த வயதில் வந்ததே பெரிய விஷயம், வெட்கப்படாதீர்கள், போன மாதம் உங்களைவிட மூத்தவர் ஒருவர் லைசென்ஸ் வாங்கிப் போனார் என்று தேற்றினார். இவர் கடிதத்தை நீட்டியதும் முகம் மாறியது. வண்டி நன்றாக ஓடுகிறது, விற்கிற எண்ணம் இல்லை, புரோக்கர்களுக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

"நான் எதையும் விக்க வரலம்மா. வாங்கவும் வரல. உங்க வண்டி நம்பரை ஒரு தடவை படிச்சுக் காட்டினா போதும். தப்பா இருந்தா இப்பவே போயிடறேன்."

அவர் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, பிரேக் அக்கா முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். அடியில் தகடு தெரிந்தது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். எக்ஸ்ரே சார் கடிதத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றாவதும் சரி.

"எட்டு," என்றார் பிரேக் அக்கா.

"நல்லாப் பாருங்க. மூணு இல்லையே?"

"இருபது வருஷமா எட்டுப் போடச் சொல்லிக் குடுக்கறவ நான். எட்டு எனக்குத் தெரியாதா?"

மிச்சம் மூன்றும் பொருந்தின. எக்ஸ்ரே சார் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார். பிரேக் அக்கா அதை ஒரு முறை படித்தார், திரும்ப முதலிலிருந்து படித்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன வாரம் ஒரு பொண்ணு," என்றார். "பின்னாடி எடுக்கறதுக்குப் பதிலா முன்னாடி எடுத்துக் கம்பத்துல முட்டிட்டா. பத்தொம்பது வயசு. மெதுவாத்தான் முட்டினா. நான் பிரேக் போட்டுட்டேன்."

மூன்று மணிக்கு ஒருவர் வகுப்புக்கு வரவிருந்தார். அவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார் பிரேக் அக்கா. நாலு மணி ஆளுக்கும் ஐந்து மணி ஆளுக்கும் சொன்னார். குரல் ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டே வந்தது. கடிதத்தில் இருந்த இலவச எண்ணைக் கூப்பிட்டதும் இந்தத் தடவை மறுபேச்சு இல்லை. வண்டியை யாரும் ஓட்ட வேண்டாம், நாங்களே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் லாரி வந்தது. சிவப்புக் கார் சங்கிலியில் கட்டுண்டு மேலே ஏறியபோது பிரேக் அக்கா அதன் பானட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

பின்னாலேயே போவதற்கு அவருக்கு வண்டி இல்லை. எக்ஸ்ரே சார் தன் காரில் ஏற்றிக்கொண்டார். சர்வீஸ் சென்டரில் மாற்று ஏர்பேக் வரப் பத்து நாளாவது ஆகும் என்று சொல்லி ரசீது எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும்போது மாலையாகிவிட்டது. முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்த போதெல்லாம் பிரேக் அக்காவின் கால் தன்னிச்சையாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. இரண்டாம் தடவை அழுத்தியபோது அவரே சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "எதுக்கு சார் இவ்வளவு அலைஞ்சீங்க? உங்க வண்டி இல்லைன்னு தெரிஞ்சதுமே கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

எக்ஸ்ரே சார் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் சம்சாரம் பேருக்கு வந்த லெட்டர். அவதான் வந்து சொல்லியிருக்கணும். இருந்திருந்தா முதல் லெட்டருக்கே வந்திருப்பா. நான் மேஜையில போட்டு வச்சுட்டேன், ஒரு வருஷம்."

பாலம் ஏறி இறங்கிய பிறகு பிரேக் அக்கா, "மூணாவது கியர்லயே இழுக்கறீங்களே, வண்டி அழுவுது பாருங்க," என்றார். அவர் நாலாவதுக்கு மாற்றினார்.

வாசலில் இறக்கிவிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தனியாக ஓட்டி வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மறுநாள் ஞாயிறு. மகன் கூப்பிட்டதும் ஆரம்பித்தார். லெட்டர் வந்ததைச் சொன்னார், மூன்று எட்டான கதையைச் சொன்னார். அம்மா எழுத்தைப் பார்த்தேன் என்று சொல்லும்போது, அந்தப் பக்கம் பேரக்குழந்தை எதையோ கவிழ்த்துவிட்டது. ஒரு நிமிஷம்பா என்று போனவன் திரும்பி வந்து, நல்ல வேளை நம்ம வண்டி இல்லை, பத்திரமா இருங்க என்றான். சரிப்பா என்றார். டிரைவிங் ஸ்கூல் வரைக்கும் கதை போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பிரேக் அக்கா போன் செய்தார். வண்டி வந்துவிட்டது, வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றார். கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக் கையில் வைத்துக் காட்டினாராம், பார்க்க ஒன்றும் தெரியவில்லையாம். அது வெடித்திருக்குமா, வெடிக்காமலே இன்னும் பத்து வருஷம் இருந்திருக்குமா என்று மெக்கானிக்குக்கே சொல்லத் தெரியவில்லையாம். அப்புறம், கியர் மாற்ற ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை வாருங்கள், இந்த வயதில் வெட்கப்படக் கூடாது என்றார். எக்ஸ்ரே சார் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

வருகிறேன் என்றார். அந்தச் சனிக்கிழமை காரைத் துடைத்து, சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து துணிகளை ஊறவைத்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமை போனார்.